சாட்ஜிபிடியை 4 மணி நேரம் முடக்கிய 'கண்காணிப்புக் கருவி'... வேலியே பயிரை மேய்ந்தது எப்படி? குபெர்னெடிஸ் என்றால் என்ன?

2024 டிசம்பர் 12, இந்திய நேரப்படி அதிகாலை 4.46 மணி. உலகம் முழுவதும் சாட்ஜிபிடி திணறத் தொடங்கியது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஓபன்ஏஐ நிறுவனத்தின் சேவைகள் எல்லாமே படுத்துவிட்டன. அந்த வாரம்தான் வெளியாகியிருந்த வீடியோ ஏஐ 'சோரா', ஓபன்ஏஐயை நம்பி மற்ற நிறுவனங்கள் நடத்தும் செயலிகள் என எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அனைத்தும் முழுமையாகச் சரியானபோது மணி காலை 9.08.

யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? இல்லை. புதிய சேவையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதா? அதுவும் இல்லை. இரண்டையும் நிறுவனமே மறுத்தது. உண்மையான காரணம்தான் ஆச்சரியம். 'எங்கேயாவது பிரச்னை வருகிறதா?' என்று கவனிப்பதற்காகப் புதிதாக வைத்த ஒரு கண்காணிப்புக் கருவிதான் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டது!

வேலியே பயிரை மேய்ந்த இந்தக் கதையைப் புரிந்துகொண்டால், நாம் தினமும் பயன்படுத்தும் பல செயலிகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், கன்டெய்னர் என்றால் என்ன?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் வரிசையாகப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது துணியா, கருவாடா, இயந்திரமா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒன்றுதான். எந்த லாரியிலும் ஏற்றலாம், எந்தக் கப்பலிலும் அடுக்கலாம்.

மென்பொருளுக்கும் அதே யோசனைதான். ஒரு புரோகிராம் ஓட வேண்டுமென்றால் அதற்கான லைப்ரரிகள், செட்டிங்குகள், சரியான வெர்ஷன் எல்லாம் வேண்டும். அவை அனைத்தையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிட்டால் அதுதான் கன்டெய்னர். "என் லேப்டாப்ல ஓடுச்சு சார், சர்வர்லதான் ஓடல" என்ற ஐடி ஊழியர்களின் பழைய புலம்பலுக்குக் கிடைத்த தீர்வு இது.

இந்த நுட்பத்தின் வேர்கள் பழையவை. ஆனால், 2013ஆம் ஆண்டு 'டாக்கர்' என்ற மென்பொருள் வந்த பிறகுதான் எல்லோரும் எளிதாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

அப்போ குபெர்னெடிஸ் எதற்கு?

ஒன்றிரண்டு கன்டெய்னர் என்றால் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் லட்சக்கணக்கான கன்டெய்னர்கள் ஓடினால்? எது எங்கே ஓட வேண்டும், எது செத்துவிட்டது, எதற்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்று பார்க்க மனிதர்களால் முடியாது.

இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கம்ப்யூட்டர் கூட்டத்துக்குப் பெயர் கிளஸ்டர். அதை நிர்வகிக்கும் மென்பொருள்தான் குபெர்னெடிஸ்.

கூகுள் நிறுவனம் தன் வேலைகளுக்காக 'போர்க்' என்ற அமைப்பைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது. அந்த அனுபவத்தில் உருவான குபெர்னெடிஸை 2014 ஜூனில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2015 ஜூலையில் அதன் 1.0 பதிப்பு வந்தது. இன்று அது கூகுளுக்கு மட்டும் சொந்தமில்லை. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இயங்கும் சிஎன்சிஎஃப் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது.

குபெர்னெடிஸ் என்பது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துபவர் என்று அர்த்தம். தமிழில் இதற்கு அழகான பழைய சொல் ஒன்று உண்டு: மீகாமன். ஆர்யா நடித்து 2014இல் வெளியான படத்தின் பெயரும் அதுதான்.

மண்டபமும் மேற்பார்வையாளரும்

கிளஸ்டரைப் புரிந்துகொள்ள துறைமுகத்தை விட்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம்.

பந்தி நடக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் பரிமாறுபவர்கள் நிற்கிறார்கள். நடுவில் ஒரு மேற்பார்வையாளர். அவர் கையில் ஒரு பதிவேடு. எந்த வரிசையில் எத்தனை இலை, யார் எங்கே பரிமாறுகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆறாவது வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தால், உடனே இன்னொருவரை அங்கே அனுப்புவது அவர் வேலை.

இதை அப்படியே கிளஸ்டருக்குப் பொருத்திப் பாருங்கள்.

• நோட்: ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோட். மண்டபத்தில் ஒரு வரிசை மாதிரி.

• பாட்: ஒன்று அல்லது சில கன்டெய்னர்கள் சேர்ந்த ஒரு சிறு குழு. இவர்கள்தான் பரிமாறுபவர்கள்.

• கன்ட்ரோல் பிளேன்: மேற்பார்வையாளர். எந்தப் பாட் எந்த நோட்டில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஸ்கெட்யூலரும் இதற்குள்தான் இருக்கிறது.

• ஏபிஐ சர்வர்: மேற்பார்வையாளரின் காது. யார் எதைக் கேட்டாலும், எதைச் சொன்னாலும் இதன் வழியாகத்தான்.

• எட்சிடி: அந்தப் பதிவேடு. இது தொலைந்தால் கதை முடிந்தது. அதனால்தான் பெரும்பாலும் 3 அல்லது 5 பிரதிகளாக வைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட பிரதிகள் ஒத்துக்கொண்டால்தான் எதையும் எழுத முடியும்.

• குபெலெட்: ஒவ்வொரு நோட்டிலும் உட்கார்ந்திருக்கும் பிரதிநிதி. வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒருமுறை "நான் உயிரோடுதான் இருக்கேன்" என்று மேலே தகவல் சொல்லும்.

ஒரு நோட்டிலிருந்து இந்தத் தகவல் வருவது நின்றுவிட்டால், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு 'இந்த நோட் போச்சு' என்று குபெர்னெடிஸ் முடிவு செய்யும். வழக்கமான அமைப்பில் அதன்பிறகு 5 நிமிடம் கழித்து, அங்கிருந்த வேலைகள் வேறு நோட்டுக்கு மாற்றப்படும். நடுராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

தானாகவே சரி செய்துகொள்ளுமே, பிறகு கண்காணிப்பு எதற்கு?

நியாயமான கேள்வி. ஆனால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தானாகச் சரியாவதே சில நேரம் நோயை மறைத்துவிடும்.

உதாரணமாக, ஒரு கன்டெய்னருக்கு இவ்வளவு மெமரிதான் என்று எல்லை வைத்திருப்பார்கள். புரோகிராமில் இருக்கும் ஒரு பிழையால் அது மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. எல்லையைத் தாண்டியதும் கன்டெய்னர் கொல்லப்படும். உடனே புதிதாகத் தொடங்கும். மீண்டும் தின்னும், மீண்டும் சாகும்.

தொடங்கிய வேகத்திலேயே விழுந்துகொண்டிருந்தால் 10 விநாடி, 20 விநாடி, 40 விநாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, கடைசியில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் குபெர்னெடிஸ் முயற்சி செய்யும். 'கிராஷ்லூப் பேக்ஆஃப்' என்று இதற்குப் பெயர். இந்தத் துறையில் வேலை செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் சொல் இது.

வெளியிலிருந்து பார்த்தால் செயலி 'ஓடுகிறது'. ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் பேமென்ட் பாதியில் நிற்கும். கண்காணிப்பு இல்லையென்றால், வாடிக்கையாளர் திட்டிய பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரியும்.

அதனால்தான் நான்கு விஷயங்களைக் கட்டாயம் கவனிக்கச் சொல்கிறார்கள் கூகுள் பொறியாளர்கள்:

1. தாமதம்: பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது?
2. போக்குவரத்து: எத்தனை கோரிக்கைகள் வருகின்றன?
3. பிழை: அவற்றில் எத்தனை தோற்கின்றன?
4. நெரிசல்: இருக்கும் வசதியில் எவ்வளவு நிரம்பிவிட்டது?

யார் கண்காணிக்கிறார்கள்?

இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர் 'பிராமீதியஸ்'. இசைத் தளமான சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கிய திட்டம் இது. சிஎன்சிஎஃப் அமைப்பில் குபெர்னெடிஸுக்கு அடுத்து இரண்டாவதாகச் சேர்ந்ததும் இதுதான்.

இது வேலை செய்யும் விதம் சிம்பிள். ஒவ்வொரு கன்டெய்னரும் தன் கணக்கை ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கும். 15 விநாடிக்கு ஒருமுறையோ, 1 நிமிடத்துக்கு ஒருமுறையோ பிராமீதியஸ் எல்லோர் வீட்டுக்கும் போய்க் குறித்துக்கொண்டு வரும். வீட்டுக்கு வீடு மீட்டர் ரீடிங் எடுக்கும் மின்வாரிய ஊழியர் மாதிரி. அந்தக் கணக்கை வரைபடமாகத் திரையில் காட்ட 'கிராஃபானா' போன்ற கருவிகள் இருக்கின்றன. எண்கள் எல்லை தாண்டினால், பணியில் இருக்கும் பொறியாளரின் மொபைலுக்கு அலர்ட் போகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மீட்டர் பார்க்க ஆள் வந்தால், கதவைத் திறக்க ஒருவர் எழுந்து போகத்தானே வேண்டும்? கண்காணிப்பும் ஒரு வேலைதான். அதற்கும் சிபியு செலவாகும், மெமரி செலவாகும், நெட்வொர்க் செலவாகும். டிசம்பர் 12 காலையில் வெடித்தது இந்தக் கணக்குதான்.

அன்று நடந்தது என்ன?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது டிசம்பர் 11 பிற்பகல். கிளஸ்டர்களின் கன்ட்ரோல் பிளேன் எப்படி இயங்குகிறது என்பதை இன்னும் தெளிவாகப் பார்க்க, புதிய கண்காணிப்புச் சேவை ஒன்றை ஓபன்ஏஐ நிறுவியது. நோக்கம் நல்லதுதான். எதையும் நம்பகமாக நடத்த விரும்பும் நிறுவனம் செய்யக்கூடியதுதான்.

ஆனால், அதன் அமைப்பில் ஒரு விஷயம் கவனிக்கப்படவில்லை. கிளஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு நோட்டும் ஏபிஐ சர்வரிடம் கனமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தது. கிளஸ்டர் எவ்வளவு பெரிதோ, ஒவ்வொரு கேள்வியும் அவ்வளவு கனம்.

மண்டபத்துக்கே வருவோம். வரிசைக்கு ஒருவர் எழுந்து வந்து மேற்பார்வையாளரிடம், "மண்டபத்துல இருக்கிற எல்லாருடைய பட்டியலையும் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்கிறார். 10 வரிசை இருக்கும் சின்ன மண்டபத்தில் சமாளித்துவிடலாம். வரிசை இரண்டு மடங்கானால்? கேட்பவர்களும் இரண்டு மடங்கு, படிக்க வேண்டிய பட்டியலும் இரண்டு மடங்கு. ஆக, வேலை நான்கு மடங்கு. ஆயிரக்கணக்கான வரிசைகள் இருந்தால் அவர் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிடுவார். அதுதான் நடந்தது. பெரிய கிளஸ்டர்களில் ஏபிஐ சர்வர்கள் சுமை தாங்காமல் விழுந்தன.

'முன்னாடியே டெஸ்ட் பண்ணலையா?' என்று கேட்கலாம். பண்ணினார்கள். ஒத்திகைக் கிளஸ்டரில் எந்தப் பிரச்னையும் தெரியவில்லை. ஏனென்றால், இந்தப் பிரச்னையே குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதான கிளஸ்டரில்தான் தலைகாட்டும்.

20 நிமிட மாயை

மேற்பார்வையாளர் மயங்கினாலும், பரிமாறுபவர்கள் பாட்டுக்குப் பரிமாறலாமே? பொதுவாக அப்படித்தான் இருக்க வேண்டும். கன்ட்ரோல் பிளேன் போனாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் ஓட வேண்டும்.

இடையில் வந்தது டிஎன்எஸ். கிளஸ்டருக்குள் பாட்கள் பிறந்து மடிந்துகொண்டே இருப்பதால், அவற்றின் முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். 'இந்தச் சேவை இப்போது எந்த முகவரியில் இருக்கிறது?' என்று பெயரை வைத்துத் தேடித் தருவது டிஎன்எஸ். போனில் பெயரைத் தட்டினால் நம்பர் வருகிறதே, அது மாதிரி. ஓபன்ஏஐயின் அமைப்பில் இந்த டிஎன்எஸ், கன்ட்ரோல் பிளேனை நம்பி இருந்தது. மேற்பார்வையாளர் விழுந்ததும், யார் எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாமல் போனது.

அதுவும் உடனே தெரியவில்லை என்பதுதான் கொடுமை. டிஎன்எஸ் பதில்களை ஒவ்வொரு சேவையும் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். சுமார் 20 நிமிடங்களுக்கு அந்தப் பழைய நினைவிலேயே வண்டி ஓடியது. 'எல்லாம் நல்லாத்தானே போகுது' என்ற அந்த மாயை நேரத்தில், புதிய கருவி மற்ற கிளஸ்டர்களுக்கும் பரவிக்கொண்டிருந்தது. நினைவு காலாவதியாக ஆக, சேவைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

தெரிந்தும் ஏன் 4 மணி நேரம்?

பயனர்கள் பாதிப்பை உணரச் சில நிமிடங்கள் முன்பே பொறியாளர்களுக்கு அலர்ட் போய்விட்டது. காரணமும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தீர்வும் தெரியும்: அந்தக் கண்காணிப்புச் சேவையை நீக்கினால் போதும்.

ஆனால், நீக்குவதற்கான உத்தரவை யாரிடம் கொடுப்பது? அதே ஏபிஐ சர்வரிடம்தான். அதுதான் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறதே! பூட்டிய வீட்டுக்குள் சாவி மாட்டிக்கொண்ட நிலை.

கடைசியில் மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் முட்டினார்கள். கிளஸ்டர்களின் அளவைக் குறைத்து, கேட்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஏபிஐ சர்வருக்குப் போகும் நெட்வொர்க் பாதையைத் தடுத்து, அதற்கு மூச்சுவிட நேரம் கொடுத்தார்கள். ஏபிஐ சர்வர்களுக்குக் கூடுதல் திறன் கொடுத்தார்கள். சில கிளஸ்டர்களில் கதவு லேசாகத் திறந்ததும் உள்ளே போய்க் கருவியை நீக்கினார்கள். அமெரிக்க நேரப்படி இரவு 7.38க்குத்தான் எல்லாம் முழுமையாக மீண்டது.

இதில் ஒரு தற்செயல் ஒற்றுமையும் உண்டு. குபெர்னெடிஸ் பொறியாளர்கள் கூடும் 'குபெகான்' மாநாடு இந்தியாவில் முதல்முறையாக நடந்தது டெல்லியில், 2024 டிசம்பர் 11, 12 தேதிகளில்தான். மாநாட்டின் இரண்டாம் நாள் விடிந்தபோது, உலகின் மிகப் பிரபலமான ஏஐ சேவை குபெர்னெடிஸ் சிக்கலில் முடங்கிக் கிடந்தது.

இது முதல்முறை இல்லை

2018 ஜனவரியில், 2,500 நோட்கள் வரை கிளஸ்டரைப் பெரிதாக்கிய அனுபவத்தை இதே ஓபன்ஏஐ ஒரு கட்டுரையாக வெளியிட்டது. 1,000 நோட்களைத் தாண்டியபோது திடீரென வேகம் குறைந்ததாம். தேடிப் பார்த்தால், ஒவ்வொரு நோட்டிலும் இருந்த கண்காணிப்பு, லாக் சேகரிப்புக் கருவிகள் ஏபிஐ சர்வரை ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன. கேட்கும் வேகத்தைக் குறைத்ததும் சரியானது.

ஏறக்குறைய 7 ஆண்டுகள் கழித்து, கருவி வேறு, காரணம் அதே ரகம். ஒருமுறை கற்ற பாடம், ஆட்களும் அளவும் மாறும்போது மீண்டும் கற்க வேண்டியதாகிவிடுகிறது.

ரெட்டிட்டை முடக்கிய ஒரே ஒரு சொல்

இன்னொரு பிரபல சம்பவம் 2023 மார்ச் 14 அன்று நடந்தது. சமூக வலைதளமான ரெட்டிட், குபெர்னெடிஸை 1.23 பதிப்பிலிருந்து 1.24க்கு மாற்றியது. மாற்றிய சில நிமிடங்களில் தளம் முடங்கியது.

காரணம் ஒரு பெயர். மேற்பார்வை நோட்களுக்கு முன்பு 'மாஸ்டர்' என்று லேபிள் ஒட்டுவார்கள். அந்தச் சொல்லைக் கைவிட்டு 'கன்ட்ரோல் பிளேன்' என்று மாற்ற குபெர்னெடிஸ் முடிவு செய்திருந்தது. 1.24இல் பழைய லேபிள் நீக்கப்பட்டது. ஆனால் ரெட்டிட்டின் நெட்வொர்க் அமைப்பு, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதியபடி, 'மாஸ்டர்' லேபிளைத் தேடித்தான் பாதை போட்டுக்கொண்டிருந்தது. லேபிள் போனதும் பாதையும் போனது. பேக்கப்பிலிருந்து மீட்டு எடுக்கும் வரை 314 நிமிடங்கள் ஆனது. மார்ச் 14 என்பது 3.14, அதாவது கணிதத்தின் 'பை' தினம். அன்றைக்கு 314 நிமிடம் என்பதை ரெட்டிட்டே தன் அறிக்கையில் சொல்லிச் சிரித்துக்கொண்டது.

என்ன மாற்றப்போவதாகச் சொன்னார்கள்?

சம்பவத்துக்குப் பிறகு ஓபன்ஏஐ அறிவித்த முக்கிய மாற்றங்கள்:

• எந்த மாற்றமும் ஒரே மூச்சில் எல்லா கிளஸ்டர்களுக்கும் போகாது. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் கவனித்த பிறகே அடுத்தது.

• ஏபிஐ சர்வர் எவ்வளவு நெரிசலில் இருந்தாலும் பொறியாளர்கள் உள்ளே போக ஓர் அவசர வாசல்.

• கன்ட்ரோல் பிளேன் விழுந்தாலும் சேவைகள் தொடர்ந்து ஓடும்படி இரண்டையும் பிரிப்பது.

• வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி, தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகள்.

இரண்டாவது விஷயம் கிளஸ்டர் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். கண்காணிப்புக் கருவியை அதே கிளஸ்டருக்குள் மட்டும் வைத்திருந்தால், கிளஸ்டர் விழும்போது அதுவும் சேர்ந்து விழும். எது உடைந்தது என்று காட்ட வேண்டிய திரை, சரியாக அந்த நேரத்தில் இருண்டுவிடும். அதனால், வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண்ணும், வெளியிலிருந்து திறக்கும் ஒரு சாவியும் அவசியம்.

கற்றுக்கொள்ள விரும்புகிறீர்களா?

குபெர்னெடிஸ் இலவசம். 'மினிகியூப்' என்ற மென்பொருளைப் போட்டால், உங்கள் லேப்டாப்பையே ஒரு குட்டிக் கிளஸ்டராக மாற்றிப் பழகலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் 'சிகேஏ' என்ற தேர்வு இருக்கிறது. 2 மணி நேரம், சரியான விடையை டிக் அடிக்கும் வேலையே இல்லை. நிஜக் கிளஸ்டரில் உட்கார்ந்து நிஜமாகச் சரி செய்து காட்ட வேண்டும்.

பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. மினிகியூப்பில் ஒரு சிறிய செயலியை ஓட விடுங்கள். பிறகு அதைக் கண்காணிக்க பிராமீதியஸை நிறுவுங்கள். இப்போது செயலி எவ்வளவு மெமரி எடுக்கிறது, பிராமீதியஸ் எவ்வளவு எடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காவலுக்கு வந்தவர், காக்கப்படுபவரைவிட அதிகம் சாப்பிடுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.